தூக்கிலிட்டிருந்தால் செம்மணியை யார் காட்டியிருப்பார்?

யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றில் மரண தண்டனைத் தீர்ப்பு எப்படி வாசிக்கப்படுகிறது என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். மன்றின் மின்குமிழ்களை அணைக்கிறார்கள். எல்லோரும் எழுந்து நிற்க, ஜனாதிபதி குறிக்கும் நாளில், அவர் குறிக்கும் இடத்தில், உயிர் பிரியும்வரை தூக்கிலிடப்பட வேண்டும் என்ற வாசகம் வருகிறது. கையெழுத்து வைத்த பேனாவின் முனையை முறிக்கிறார்கள். பிறகு மின்குமிழ்கள் திரும்ப எரிகின்றன.

ஜனாதிபதி குறிக்க வேண்டிய அந்த நாள் 1976 ஜூன் 23-க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவருக்கும் வரவில்லை. அன்று கொழும்பு வெலிக்கடைச் சிறையில் சந்திரதாச என்பவரைத் தூக்கிலிட்டதுதான் கடைசி. ஆனாலும் தண்டனை சட்டத்தில் இருக்கிறது, நீதிபதிகள் விதித்துக்கொண்டும் இருக்கிறார்கள். மரண தண்டனைக் கைதிகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் மறியலில் கிடக்கிறார்கள்.

2025 ஆவணியில், யாழ்ப்பாணம் செம்மணியில் மனிதப் புதைகுழி கிண்டும் செய்தி நாள்தோறும் பேப்பரில் வந்துகொண்டிருந்த நேரம், தலைமயிர் வெட்டப் போன சலூனில் கொலைகாரருக்குத் தூக்கு என்ற இந்தக் கதை எழும்பியது. கடைக்கார அண்ணை கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னார்: “உவங்களுக்குக் கோடும் கச்சேரியும் என்னத்துக்குத் தம்பி? பிடிச்ச கையோடை தூக்கிலை போடவேணும்.” வரிசையில் இருந்த இருவரும் தலையாட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் வாக்கெடுப்பு வைத்தால் அவர் பக்கம்தான் வெல்லும் என்று எனக்கும் தெரியும். அவர் பக்கம் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த மண்ணில் நடந்த வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கயிறு யாருக்கு உதவியிருக்கும், யாரைக் கொன்றிருக்கும் என்பது வேறு விதமாகத் தெரிகிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1956இல் ஆட்சிக்கு வந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் அரசாங்கம் தூக்கை நிறுத்திவைத்தது. 1958இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. நோர்வல் மொரிஸ் என்ற சட்டப் பேராசிரியர் தலைமையில் ஓர் ஆணைக்குழு அமைத்து, தூக்கு நின்றதால் கொலைகள் கூடினவா என்று ஆராயச் சொன்னார்கள். கூடியதற்குச் சான்று இல்லை, நிறுத்தி வைத்ததைத் தொடரலாம் என்றுதான் ஆணைக்குழு சொன்னது. அந்த அறிக்கை வந்த 1959இலேயே, செப்டெம்பர் மாதம், பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டுக் கொன்றார்கள். ஆணைக்குழுவின் கடதாசி மூலைக்குப் போயிற்று, அதே வருடம் தூக்குச் சட்டம் திரும்ப வந்தது. தூக்கை நிறுத்திய மனிதனின் கொலைக்காகவே தூக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். பண்டாரநாயக்காவைக் கொன்றவர்களுக்கும் பொருந்தும் வகையில் சட்டத்தைப் பின்னோக்கி எழுதினார்கள். அவசரத்தில் கொலைக்குப் பொருந்துமாறு எழுதினார்களே தவிர, கொலைச் சதிக்குப் பொருந்துமாறு எழுதவில்லை. மேன்முறையீட்டில் இந்த ஓட்டை வெளிப்பட்டது. சதியின் மூளை என்று தீர்ப்பளிக்கப்பட்ட புத்தரக்கித்த தேரருக்கும் அவருடைய கூட்டாளிக்கும் தூக்கு ஆயுள் தண்டனையாக மாறியது. துப்பாக்கி பிடித்த சோமாராம மட்டும் 1962 ஜூலை 6இல் தூக்கில் தொங்கினார். ஏவினவனுக்கு ஆயுள், ஏவப்பட்டவனுக்குக் கயிறு.

கண்டி போகம்பறைச் சிறையில் 1975 ஓகஸ்ட் 5ஆம் திகதி நடந்ததையும் ஒருமுறை கேட்டுவைக்க வேண்டும். ‘மரு சிரா’ என்று நாடு முழுக்கத் தெரிந்த கைதியைத் தூக்குக்குக் கொண்டுவந்தபோது அவருக்கு நினைவு இல்லை. மருந்து கொடுத்திருந்தார்கள். காலூன்றி நிற்க முடியாத ஆளைத் ஸ்ட்ரெச்சரில் வைத்துச் சுமந்துபோய்க் கயிற்றை மாட்டினார்கள். நிற்கும் ஆளின் எடையையும் உயரத்தையும் கணக்குப் பண்ணி விட்ட கயிறு, படுத்திருந்த உடலுக்குச் சரிவரவில்லை. கழுத்து முறியாமல் மூச்சுத்திணறியே செத்தார். பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். தூக்கு என்றால் ஏதோ சுத்தமான, ஒரு நொடி வேலை என்று நினைத்துப் பேசுகிறோம். அதைச் செய்ய வேண்டியவன் ஒரு மனிதன். 2019இல் அலுகோசு, அதாவது தூக்கிலிடுபவர், வேலைக்கு ஆள் தேவை என்று அரசாங்கம் விளம்பரம் போட்டபோது, நல்லொழுக்கம் உள்ளவராக இருக்க வேண்டும் என்று தகைமை கேட்டிருந்தார்கள். நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அதற்கு முன், 2014இல் அந்த வேலைக்கு எடுபட்ட ஒருவர் தூக்குமரத்தைக் கண்ணால் பார்த்ததும் வேலையை விட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த ஆளில்தான் மரியாதை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம்.

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவி ஒருத்தியைக் கடத்தி, கூட்டாகச் சிதைத்துக் கொன்றார்கள். அந்த நாள்களை இங்கே இருந்தவர்கள் மறக்கமாட்டார்கள். கடைகள் பூட்டு, தெருவெல்லாம் ரயர் எரிந்தது, மே 20ஆம் திகதி யாழ்ப்பாணம் நீதிமன்றக் கட்டடத்துக்கே கல் பறந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைதுசெய்தார்கள். ‘எங்களிட்டைத் தாருங்கோ’ என்பதுதான் அன்றைய கோஷம். 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி, மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் மன்று ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. இரண்டு பேரை விடுவித்தது.

அந்த இரண்டு பேரைக் கவனியுங்கள். நீதிமன்றத்துக்குக் கல்லெறிந்த நாளில் அவர்களும் ‘உவங்களில்’ அடக்கம். கூட்டத்திடம் கொடுத்திருந்தால் ஒன்பதும் போயிருக்கும். அத்துடன், முக்கிய சந்தேகநபர் ஒருவரைத் தப்பவிட உதவினார் என்று உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரே பின்னர் கைதானார். விசாரிக்க வேண்டிய கை அந்த லட்சணத்தில் இருந்தது.

புங்குடுதீவுக் கொலை நடந்த அதே 2015இல், செப்டெம்பர் மாதம், தெற்கே கொட்டதெனியாவில், வீட்டில் தூங்கிய ஐந்து வயதுச் சிறுமியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொன்றார்கள். நாடே தூக்கு கேட்டது. பொலிஸார் முதலில் ஒரு பாடசாலை மாணவனையும் இன்னொருவரையும் பிடித்து அடித்தார்கள். மரபணுச் சோதனை அவர்கள் இல்லை என்றது. பிறகு மூன்றாவது ஆள் பிடிபட்டார், தானே செய்ததாக ஒப்புக்கொண்டார். தொலைக்காட்சிகள் அவருடைய முகத்தைக் காட்டித் தீர்ப்பே எழுதிவிட்டன. மரபணு அவரும் இல்லை என்றது. கடைசியில் பொருந்தியது அவருடைய அண்ணனின் மரபணு. செய்யாத ஒருவன் செய்தேன் என்கிறான், அதை நாடே நம்புகிறது. சோதனைக்கூடம் மட்டும் இல்லாதிருந்தால் அந்த ஒப்புதலே அவனுக்குக் கயிறாகியிருக்கும்.

ஒப்புதல் வாக்குமூலம் என்ற சொல்லைக் கேட்டால் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவர்களுக்குத் தனியாக விளக்கத் தேவையில்லை. சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் சொன்ன ஒப்புதல் சான்றாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் சொன்னால் சான்றாகும். அடித்து வாங்கியது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அடிவாங்கியவனே. சிங்கராசா வழக்கு இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம்: சிங்களம் தெரியாத தமிழரின் ‘ஒப்புதல்’ சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது, அதை வைத்து 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் இது நீதியான விசாரணை அல்ல என்றது. அவர் உயிரோடு இருந்ததால்தான் அந்த முறைப்பாடே அங்கே போய்ச் சேர்ந்தது.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லியில் இருந்த தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 1998 ஜனவரி 28இல் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவர் மிச்சமில்லை. அடுத்த வருடம் மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதியில் இருந்து விடுவித்தது. நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்தது. அந்த நால்வரில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவுசெய்த அதிகாரியே, வாங்கிக்கொடுத்த பற்றரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தான் எழுதாமல் விட்டதாகப் பல வருடங்கள் கழித்து வெளியே சொன்னார். 2011 செப்டெம்பர் 9ஆம் திகதி மூவருக்குத் தூக்கு என்று நாளும் குறித்திருந்தார்கள். அந்த மூவரில் சாந்தன் நம்முடைய உடுப்பிட்டிக்காரர். தூக்கு நின்றது, 2014இல் ஆயுளாகியது, 2022 நவம்பரில் விடுதலையும் வந்தது. ஆனால் திருச்சிச் சிறப்பு முகாமில் இருந்து ஊருக்கு வரவே விடவில்லை. 2024 பெப்ரவரி 28இல் சென்னையில் ஆஸ்பத்திரியில் இறந்து, உடலாகத்தான் தாயிடம் வந்தார். தூக்குக்கு நாள் குறித்துப் பின் நிறுத்திவைத்த வருடங்கள் ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கொலைகாரரைக் களை போலப் பிடுங்கச் சொல்லி வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லியிருக்கிறார்தான். ஆனால் எது களை, எது பயிர் என்று தெரிந்த கைக்குத்தானே அந்த உவமை? புங்குடுதீவிலேயே கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. அம்மன் யாருக்காக எரிந்தாள் என்று யோசித்தால் போதும். தட்டான் சொன்னதைக் கேட்டு, விசாரியாமல், அரசன் வெட்டச் சொன்ன ஒரு மனிதனுக்காக. பிழையான மரண தண்டனையை எதிர்த்து நின்றவளைத் தெய்வமாக்கிப் பொங்கல் வைக்கும் சனம் நாங்கள்.

இது வரைக்கும் சொன்னது, பிழையாகப் பிடிபடும் ஏழைகளின் பக்கம். மற்றப் பக்கமும் ஒன்று உண்டு: சரியாகப் பிடிபட்ட, பலம் உள்ளவர்களுக்கு மரண தண்டனை என்ன செய்தது?

2000 டிசம்பர் 19ஆம் திகதி, இடம்பெயர்ந்திருந்த சிலர் மிருசுவிலில் தங்கள் வீடு வளவைப் பார்க்கப் போனார்கள். எட்டுப் பேரைக் கழுத்தறுத்துப் புதைத்தார்கள். அதில் ஒன்று ஐந்து வயதுப் பிள்ளை. தப்பி ஓடிவந்த ஒருவரால்தான் விசயமே வெளியில் வந்தது. வழக்கு கொழும்பில் பதின்மூன்று வருடம் இழுபட்டு, 2015 ஜூனில் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மட்டும் மரண தண்டனை. மற்ற நால்வர் விடுதலை. 2019இல் உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது. 2020 மார்ச் 26ஆம் திகதி, கொரோனா ஊரடங்கில் ஆளாளுக்கு வீட்டுக்குள் இருந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியில் விட்டார்.

இதை மன்னிப்பு அதிகாரத்தின் பிழை என்று மட்டும் பார்ப்பது போதாது. உயிரை எடுக்கும் தண்டனை என்பதால், ஒவ்வொரு மரண தண்டனையும் கடைசியில் ஜனாதிபதியின் மேசைக்குப் போயே ஆகவேண்டும். அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை அப்படித்தான் வைத்திருக்கிறது: விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை, பிறகு ஜனாதிபதி. ஆக நாட்டின் ஆகப் பெரிய தண்டனைதான் நாட்டின் ஆகப் பெரிய அரசியல்வாதியின் கைக்கு ஆகக் கிட்ட இருக்கிறது. கொழும்பு ரோயல் பார்க் அடுக்குமாடியில் இளம்பெண் ஒருத்தியைக் கொன்ற கைதியை மைத்திரிபால சிறிசேன 2019இல் பதவி விட்டுப் போகும் கையோடு மன்னித்தார். மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவைக் கோட்டாபய 2021இல் மன்னித்தார். இரண்டு மன்னிப்பையும் உயர் நீதிமன்றம் 2024இல் இரத்துச் செய்தது. அதே சிறிசேனதான், அந்த மன்னிப்புக்குச் சில மாதங்களுக்கு முன், போதைப்பொருள் கைதிகள் நால்வரைத் தூக்கிலிடக் கையெழுத்து வைத்துவிட்டதாக அறிவித்தவர். அதை உயர் நீதிமன்றம் தடுத்தது. வசதியுள்ளவனுக்கு மன்னிப்பு, இல்லாதவனுக்குக் கயிறு. ஒரே பேனா.

போதைப்பொருள் என்றதும் சலூனில் ஒருவர் குறுக்கிட்டார், “ஐஸ் விக்கிறவனை விட்டுவைக்கலாமோ?” என்று. கேள்வி நியாயமானது, யாழ்ப்பாணத்தில் பெடியள் அழிவதைக் கண்ணால் பார்க்கிறோம். ஆனால் 2 கிராம் ஹெரோயினுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை என்று சட்டம் வந்தது 1984இல். நாற்பது வருடமாக அது இருக்கும்போதேதான் ஹெரோயின் ஒழுங்கைக்குள் வந்தது. 2 கிராமோடு பிடிபடுகிறவன் யார்? தானும் பாவித்து, பாவிப்பதற்காகவே விற்கிறவன். படகின் சொந்தக்காரன் 2 கிராமோடு சந்தியில் நிற்பதில்லை. நம்முடைய ஆக்கள் பெருவாரியாகப் போய்க் குடியேறிய கனடா, நாங்கள் கடைசியாகத் தூக்கிலிட்ட அதே 1976இல்தான் கொலைக்கான தூக்கைச் சட்டத்தில் இருந்தே எடுத்தது. அதன் பிறகு அங்கே கொலை விகிதம் ஏறவில்லை, இறங்கியது.

இப்போது செம்மணி.

1996 செப்டெம்பர் 7ஆம் திகதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கைதடிக்குச் சைக்கிளில் திரும்பிய சுண்டிக்குளி மாணவி கிருஷாந்தியைச் செம்மணி இராணுவச் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. நால்வரின் உடலும் பிறகு மண்ணுக்குள் இருந்து எடுக்கப்பட்டன. 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது. தண்டனை வாசிக்கும் முன், ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்பது வழக்கம். லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ அப்போதுதான் வாயைத் திறந்தார். செம்மணியில் 300, 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன, இடத்தைக் காட்டுவேன் என்றார்.

தூக்குப் பயம்தானே அவனைப் பேசவைத்தது என்று ஒருவர் கேட்கலாம். இருக்கலாம். அது எனக்கு இடைஞ்சலான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் பேசினதற்குப் பிறகு அவர் உயிரோடு இருக்கவேண்டியிருந்தது. அடுத்த வருடம் ஜூனில் அவரைச் செம்மணிக்குக் கூட்டிவந்தார்கள். இடத்தைக் காட்டினார். 15 எலும்புக்கூடுகள் எடுத்தார்கள். அதோடு கிண்டல் நின்றது. 2004இல் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டைத் தள்ளியது. தூக்கு நடைமுறையில் இருந்த நாடாக இருந்தால், அந்த வருடமே கயிற்றைப் போட்டு, சாட்சியையும் சேர்த்துப் புதைத்திருப்பார்கள். யாருக்கு அது வசதியாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டளை இட்ட அதிகாரிகளுக்கு அதைவிடப் பெரிய பரிசு ஏது?

2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் எரிகொட்டகைக்கு அத்திவாரம் வெட்டினவர்களின் மண்வெட்டியில் எலும்பு பட்டது. செப்டெம்பருக்குள் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். சில சின்னப் பிள்ளைகளுடையவை. ஒரு நீலப் புத்தகப் பை, ஒரு பொம்மை, செருப்புகள். அதே ஓகஸ்டில் வெலிக்கடையில் இருந்து சோமரத்ன ராஜபக்ஷ மனைவி மூலம் செய்தி அனுப்பினார்: சர்வதேச விசாரணை வந்தால் சாட்சி சொல்லத் தயார் என்று.

அவர் செய்ததை நான் மறக்கச் சொல்லவில்லை. மன்னிக்கவும் சொல்லவில்லை, அதற்கு எனக்கு உரிமையும் இல்லை. எண்பதுகளில், ஆயுத இயக்கங்களின் காலத்தில், இதே ஊரின் லைட் போஸ்ட்களில், கழுத்தில் ‘சமூக விரோதி’ மட்டையோடு, காலையில் கட்டிக்கிடந்த உடல்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. என்ன குற்றம், யார் விசாரித்தது என்று கேட்கமுடியாது. அன்றும் ‘செய்திருப்பான்தானே’ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனோம். கட்டி வைத்த மனிதனைக் கொல்வதை அரசாங்கம் செய்தால் நீதி, இயக்கம் செய்தால் கொலை என்று பிரிக்கும் அளவுக்கு எனக்குக் கூர்மை போதாது. கட்டுண்ட ஆள் இனி யாருக்கும் ஆபத்து இல்லாதவன். அவனைக் கொல்வதில் மிஞ்சுவது எங்களுடைய ஆத்திரம் மட்டும்தான்.

இதையெல்லாம் சலூனில் இந்த ஒழுங்கில் நான் சொல்லவில்லை. கத்தரிக்கோல் காதுக்குக் கிட்ட இருக்கும்போது நீளமாக வாதாட முடியாது. செம்மணிக் கதையை மட்டும் சொன்னேன். அண்ணை பிடரியில் பவுடர் போட்டுத் தட்டிக்கொண்டு கேட்டார்:

“அவன் இன்னும் உயிரோடை இருக்கிறானே?”

“ஓம். வெலிக்கடையிலை.”

“எத்தினை வருஷமாப் போச்சு?”

“பிடிபட்டு முப்பது வருஷமாகப் போகுது.”

துவாயை உதறி மடித்தார். புங்குடுதீவுக்காரரைத் தூக்கில் போடவேணும் என்பதில் அவர் ஒரு அங்குலமும் விலகவில்லை, அதையும் திரும்ப ஒருக்கால் சொன்னார். பிறகு காசை வாங்கிக்கொண்டு சொன்னார்:

“அப்ப தம்பி, அவனும் கிழவனாகிறான். கேக்கவேண்டியதைக் கெதியாக் கேக்கச் சொல்லுங்கோ.”